எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கலாம்

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. அந்தப் போனச் செத்த கவுத்தி வைக்கியளா? சத்தத்துக்குச் சொல்லல, நீங்க காதுலதான மாட்டியிருக்கிய. அதுல ஓடுதுல்லா படம், அதப் பாத்தாலே எனக்கு ஆக மாட்டேங்குது. சீரிஸ்தான அது? நெனச்சேன். போலீஸ்காரன் மழையில நனஞ்சுக்கிட்டு நிக்கான், அப்பமே தெரிஞ்சு போச்சு. இந்த ஓடிடியில மட்டும் கொல விழுந்தா கூடவே மழையும் விழுந்துருது, கவனிச்சிருக்கியளா? ஒரு கொலகாரனுக்காவது நல்ல வெயில்ல குத்தணும்னு தோணுதா?

இது நானாச் சொன்னது இல்ல. எம்மக சொன்னது. நான் குரூப்புல போட்டேன், குரூப்பே சிரிச்சுது.

தென்காசிதான போறிய? நானும் அங்கதான். சம்மந்தி வீட்டுக்கு. சில்லறைய மூணு தடவ கீழ போட்டுட்டேன். டிக்கெட்டு வாங்கும்போது கண்டக்டரு கேக்காரு, "என்ன அண்ணாச்சி, காய்ச்சலா?"ன்னு. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயம். இந்த வயசுல, கல்யாணத்துக்கு நிக்க பொண்ணுக்கு அப்பன், பஸ்ஸுல உக்காந்து பயந்துக்கிட்டு வாரேன். ஒரு சீரிஸால. வெளிய சொன்னா சிரிப்பாவ. நீங்க சிரிக்கணும்னாலும் சிரிச்சுக்கிடுங்க, ஆனா யாருகிட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு அடைச்சிரும் போல இருக்கு.

பேரு ஆவுடையப்பன். பாளையங்கோட்டை மார்க்கெட்டுல பாத்திரக்கட. கடைய விட எனக்குப் பேரு எதுல தெரியுமா? நல்ல சீரிஸு எது, நொள்ள சீரிஸு எதுன்னு சொல்லுததுல. காலம்பற வ.உ.சி. மைதானத்துல நடக்கோம்லா, அந்தக் குரூப்புல நான் சொன்னாத்தான் பாப்பாவ. ரிட்டயர்டு தாசில்தாரு, கண் டாக்டரு, எல்லாருந்தான். "ஆவுடையப்பண்ணாச்சி, இந்த வாரம் என்ன பாக்க?" நான் ரொம்ப எழுத மாட்டேன். நல்லா இருந்தா "கெட்டிச் சட்னி". சுமாரா இருந்தா "தண்ணிச் சாம்பார்". தூக்கிப் போடணும்னா "ஊசிப்போச்சு". அவ்வளவுதான். தாசில்தாருக்கும் டாக்டருக்கும் ஒரு கொரியாக்காரன் சீரிஸால பேச்சே நின்னு போச்சு, தெரியுமா? அதுல எல்லாரும் எந்நேரமும் நூடுல்ஸ் திங்காவ, இல்லன்னா அழுதாவ. தாசில்தாரு அதப் பாத்து அழுதுட்டேன்னாரு, டாக்டரு தூங்கிட்டேன்னாரு. ரெண்டு பேரையும் நாந்தான் கூட்டி வச்சு சமாதானம் பண்ணேன்.

உங்ககிட்ட உண்மையச் சொல்லுதேன், தென்காசியில எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. நான் ஒரு சீரிஸு கூட முழுசாப் பாத்தது கெடையாது. பேரு போடும்போதே தூங்கிருவேன். எம்மக கோமு இருக்கால்லா, கோமதி, அவதான் எல்லாத்தையும் பாப்பா. பாத்துட்டு ராத்திரி சாப்பிடும்போது கதையச் சொல்லுவா. அவ கத சொல்லும்போதும் பாதியில நான் தூங்கிருவேன், அது வேற. "எப்பா, கேக்கியளா இல்லயா?"ம்பா. "கேக்கேன், நீ சொல்லு"ம்பேன், கண்ண மூடிக்கிட்டே. கடைசியில "கெட்டியா, தண்ணியாட்டி?"ன்னு மட்டும் கேட்டுக்கிடுவேன். அவ என்ன எழுதித் தாராளோ அத எம்பேருல போட்டுருவேன். எல்லாருக்கும் தக்கபடி சொல்லுவா அவ. "எப்பா, இது டாக்டருக்கு மட்டும் தனியா அனுப்புங்க, குரூப்புல போட்டா அசிங்கமாப் போயிரும்"ம்பா. ஒரு தடவ கூட தப்புனது இல்ல.

தப்புனது இப்பந்தான்.

அவளுக்குச் சித்திரையில நிச்சயம் பண்ணோம். மாப்ள சிவபாலன், பெங்களூருல கம்ப்யூட்டர் வேல. அப்பா குற்றாலிங்கம், தென்காசியில மரக்கட வச்சிருக்காரு, தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு. தெரியாதா? பெரிய கை. அவரு சத்தம் போட்டு ஒருத்தரும் கேட்டதில்ல. மெதுவாத்தான் பேசுவாரு. அதான் பயமே. எங்க வடிவு, எம் பொஞ்சாதி, அந்த வீட்டு வாசல்ல கால வச்சதும், "ஏங்க, நம்ம கோமுக்கு அடிச்ச யோகம்"னு என் முழங்கையக் கிள்ளுனா. தழும்பு இருந்துது ரெண்டு நாளு.

நிச்சயம் முடிஞ்ச கையோட ரெண்டு குடும்பத்துக்கும் ஒரு வாட்சப் குரூப்பு. மாப்ளையே ஆரம்பிச்சாரு. அதோட விட்டாரா? "மாமா, நீங்க எதுக்குத் தனியா பணம் கட்டுதிய? என் பாஸ்வேர்டையே போட்டுக்கிடுங்க, நம்ம எல்லாம் ஒரே குடும்பந்தான"ன்னு அவரு ஓடிடி கணக்கக் குடுத்துட்டாரு. எந்த மாப்ள குடுப்பாரு சொல்லுங்க? வெள்ளந்தி மனுசன்.

வெள்ளந்தின்னு எதுக்குச் சொல்லுதேன்னா, ஒரு கூத்தக் கேளுங்க. டிவியில அதத் தெறந்ததும், யாரு பாக்கிய நீங்கன்னு கேட்டு முகம் முகமா வரும்லா? அதுல சிவான்னு ஒண்ணு, அப்பான்னு ஒண்ணு, அம்மான்னு ஒண்ணு. நாலாவதா ஒரு கரடிக்குட்டி. பேரு லட்டு. கோமு அத அமுக்குனா. உள்ள பூரா குழந்தப் பாட்டு. கன்னடத்துல. வாத்து போகுது, தவள போகுது. ஒவ்வொண்ணும் பாதி பாத்து விட்டிருக்கு, கீழ செவப்புக் கோடு ஓடுதுல்லா, அது தெனமும் கொஞ்சம் நவுந்திருக்கு. தென்காசி வீட்டுல குழந்தையே கெடையாது. கோமு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் சிரிச்சேன். "ஏட்டி, மாப்ளைக்குக் குழந்த மனசு போல. இல்லன்னா கன்னடம் படிக்காரோ என்னமோ, சின்னதுலேருந்து ஆரம்பிக்காரு"ன்னேன். வடிவும் சிரிச்சா.

அவ சிரிக்கல. நாலஞ்சு நாளு அந்தக் கோட்டையே பாத்துட்டு மாப்ளட்ட போன்ல கேட்டிருக்கா. கூட்டுக்காரன், பிரண்டு ஒருத்தன், அவன் பிள்ளன்னு சொல்லியிருக்காரு. அன்னைக்கே கரடியக் காணோம். எடுத்துட்டாரு. "எப்பா, கரடியக் காணும்ப்பா"ன்னு கடைக்கே வந்துட்டா, யாவாரத்துக்கு நடுவுல. "போனா நல்லதுதானட்டி, அதுதான ஒனக்குப் பிடிக்கல, அதான் எடுத்துட்டாரு. எவ்வளவு அனுசரிச்சுப் போறாரு பாரு"ன்னேன். "எப்பா, நான் சொல்லுதது ஒங்களுக்கு வெளங்கலயா?"ன்னா. "கரடியும் வேண்டாம் புலியும் வேண்டாம், நிச்சயம் பண்ண பிள்ள வாய வச்சுக்கிட்டு சும்மா இரு"ன்னு அதட்டி அனுப்பிட்டேன். வடிவு சொன்னா, கல்யாணம் கிட்ட வந்தா பொம்பளப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் மனசு கெடந்து குழம்பும், தானாத் தெளிஞ்சிரும்னு. அதே மாதிரி ஒரு வாரத்துல தெளிஞ்சிட்டா பாத்துக்கிடுங்க. நல்லா சாப்பிட்டா, நல்லா தூங்குனா. கரடிப் பேச்சே எடுக்கல.

எடுக்கலன்னதும் எனக்கு நிம்மதி. அப்பந்தான் இந்தச் சீரிஸக் கொண்டாந்தா. "மூணாவது மாடி"ன்னு பேரு.

"எப்பா, இது கெட்டியிலயும் கெட்டி. இத நம்ம நடக்க குரூப்புல போடாதீங்க. சம்மந்தி வீட்டுக் குரூப்புல மட்டும் போடுங்க"ன்னா. என்ன எழுதன்னு கேட்டேன். அவளே டைப் அடிச்சுக் குடுத்தா. "பெரியவங்க சின்னவங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கலாம். பாக்கணும். ஒரு எபிசோடையும் விடாதீங்க." ஞாயித்துக்கெழம மாப்ள ஊருக்கு வாராரு, அப்பம் போடுங்கன்னா. கோயில் கொடையும் அதுவுமா அத்த, பெரியப்பா, சித்தி எல்லாரும் அங்கதான் இருப்பாவ, நல்லா இருக்கும்னா. நான் என்னத்தக் கண்டேன்? எம்பேருக்கு ஒரு மரியாத கெடைக்கட்டும்னு போட்டுட்டேன். சம்மந்தி ஒடனே கட்டவெரலத் தூக்கிக் காட்டுனாரு. "சம்மந்தி சொன்னா தட்ட முடியுமா, இன்னைக்கு வீட்டோட பாக்கோம்"னாரு. எனக்குத் தல கால் புரியல.

சாயந்திரம் அவுக அத்த ஒருத்தி வடிவுக்குப் போன் அடிக்கா. வீடு பூரா உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாவளாம். நாலு எபிசோடு சிரிச்சுச் சிரிச்சுப் பாத்தாவளாம். அஞ்சாவதுல என்ன வந்துதோ, மாப்ள வெடுக்குன்னு எந்திரிச்சுப் போயி ப்ளக்கப் பிடுங்கிட்டாராம். "என்னல, நல்லா போகும்போது?"ன்னு பெரியப்பா கேட்டதுக்கு, "இதெல்லாம் ஒரு கதையா?"ன்னு கத்தியிருக்காரு. அந்த வெள்ளந்தி மனுசன் கத்தியிருக்காரு! மீனாட்சி மதினி, மாப்ளையோட அம்மா, அடுப்படிக்குள்ள போயி ஒரே அழுகையாம். அத்தைக்கு ஒண்ணும் வெளங்கல, வடிவுக்கு ஒண்ணும் வெளங்கல, எனக்கு மட்டும் வெளங்கிருச்சு. அதுல ஏதோ அசிங்கம் வந்திருக்கு. பெரியவங்க நடுவுல பாக்கக் கூடாதது. அந்தக் கட்டில், கம்பளி, அந்த எழவெல்லாம். நான் போட்டிருக்கேன், எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கலாம்னு! எங்க கொண்டு போயி மூஞ்சிய வைக்க?

பெறவு சம்மந்தி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாரு. எப்பமும் வார்த்தைக்கு வார்த்த "சம்மந்தி, சம்மந்தி"ம்பாரு. இதுல, "ஆவுடையப்பன், நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. தனியா வாங்க. வடிவு மதினியக் கூட்டியார வேண்டாம்." அவ்வளவுதான். ஆவுடையப்பன்! நிச்சயத்த முறிக்கத்தான் கூப்பிடுதாருன்னு வடிவு ஒப்பாரியே வச்சுட்டா. சீரிஸால முறிஞ்ச கல்யாணம்னா ஊரு என்ன சொல்லும்? எம்பிள்ளைய இனி யாரு கேட்டு வருவா?

கோமுவக் கேட்டேன். "ஏட்டி, அதுல ஏதாவது அசிங்கம் வருதா?"ன்னு. "அசிங்கந்தாம்ப்பா. நீங்க நெனைக்க அசிங்கம் இல்ல"ன்னா. இன்னைக்குக் காலையில என் சட்டைய அவளே தேச்சுக் குடுத்தா. குடுத்துட்டு என்ன சொல்லுதா? "எப்பா, அவுக என்ன பேசுனாலும் நீங்க ஒண்ணே ஒண்ணு திருப்பிக் கேளுங்க. எதுக்கு ப்ளக்கப் பிடுங்குனாருன்னு." நெஞ்சழுத்தத்தப் பாத்தியளா! மாப்ள வீட்டுல போயி, தப்புப் பண்ண நான், கேள்வி கேக்கவா? கால்ல விழுந்தாவது முடிச்சுட்டு வரணும்னுதான் கெளம்பியிருக்கேன். இந்தா, மடியில இருக்குல்லா, மாப்ளைக்குப் பட்டு வேட்டி. இதக் குடுத்து, "மன்னிச்சுருங்க மாப்ள, கல்யாணத்த மட்டும் நிறுத்திராதீங்க"ன்னு கேக்கப் போறேன். கடவுளே, மன்னிச்சாருன்னா போதும்.

என்ன கேக்கிய? நான் அதப் பாத்தனான்னா? எங்க, வெடியக்காலம் போட்டேன். பேரு போடுதான், கல்யாண வீடு, வாழமரம், அதுக்கு மேல என்னால முடியல. எந்த நிமிசம் அந்த அசிங்கம் வருமோன்னு பயந்து அமத்திட்டேன்.

என்னது? நீங்க பாத்திருக்கியளா? "மூணாவது மாடி"யா? நெசமாவா? ஏ யப்பா, இத மொதல்லயே சொல்லப் பிடாதா! சொல்லுங்க அண்ணாச்சி, அஞ்சாவது எபிசோடுல என்ன கண்றாவி? கட்டிலா? குளிக்க எடமா?

இல்லயா?

முத்தங்கூடக் கெடையாதா? பெறவு எதுக்கு அவரு ப்ளக்கப் பிடுங்குனாரு? பைய சொல்லுங்க, பஸ் சத்தத்துல கேக்கல.

சரி. ஊருல மாப்ளைக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கு. ம். பட்டணத்துல மாப்ளைக்கு ஒரு வீடு இருக்கு, மூணாவது மாடியில. ம். யாரு இருக்கா?

யாரு இருக்கான்னு சொன்னிய?

பொஞ்சாதியா. அவனுக்கா. பிள்ளையுமா.

எத்தன வயசுப் பிள்ள? நடக்கத் தெரிஞ்ச பிள்ளையா. அது டிவி முன்னால உக்காந்து பாட்டுப் பாக்குதா. அங்க தாலி கட்ட மாலைய எடுக்கான், இங்க அது உக்காந்து பாட்டுப் பாக்குது.

அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி இருக்கா?

வேண்டாம், இருக்கட்டும்.

வாத்து போகுது, தவள போகுது. தெனமும் கோடு நவுந்திருக்கு. கூட்டுக்காரன் பிள்ளன்னா எதுக்கு அழிக்கணும் அண்ணாச்சி? இருந்துட்டுப் போகட்டுமே. எதுக்கு அன்னைக்கே அழிக்கணும்? நான் சிரிச்சேனே. கன்னடம் படிக்காருன்னு சிரிச்சேனே. எம்பிள்ள கடைக்கு வந்து நின்னா, நான் யாவாரத்தப் பாத்தேன். நான் கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான், எனக்குப் பதிலா என் பேரை அனுப்பியிருக்கா அந்த வீட்டுக்குள்ள.

ஐயோ, போன் அடிக்கி. அவருதான். சம்மந்தி. எடுக்கவா? நீங்க சொல்லுங்க, எடுக்கவா?

அலோ. வணக்கம் அண்ணாச்சி. ஆமா, வந்துக்கிட்டே இருக்கேன், ஆலங்குளம் தாண்டிட்டு. இல்ல, தனியாத்தான். ம். ம். நீங்க சொன்னா சரி அண்ணாச்சி. இந்த ஆனியிலயேவா? ஆடி பொறக்கதுக்குள்ளயா? சரிங்க. ஆமா, எங்களுக்கும் சந்தோசந்தான். சரிங்க. கோமுட்ட இருந்து போன வாங்கி வச்சிருதேன், சரிங்க. சரிங்க அண்ணாச்சி.

வச்சிராதீங்க அண்ணாச்சி, ஒரு நிமிசம்.

மாப்ள எதுக்கு ப்ளக்கப் பிடுங்குனாரு?

அலோ? இருக்கியளா?

இல்ல, சும்மா கேட்டேன். கேக்கக் கூடாதா? ம். யாரு வழிக்கு வர மாட்டா? எந்தப் பொம்பள? நான் எந்தப் பொம்பளையப் பத்தியும் கேக்கலயே அண்ணாச்சி. ப்ளக்கத்தான கேட்டேன்.

வச்சுட்டாரு.

கேட்டியளா? அவரு சொன்னதச் சொல்லுதேன், நீங்கதான் சாட்சி. "அதெல்லாம் பேசி முடிச்சாச்சு, அந்தப் பொம்பள இனி வழிக்கு வர மாட்டா, பிள்ளைக்கு வேண்டியதச் செஞ்சாச்சு"ங்காரு. கத்தல, திட்டல. மாவு அரைச்சாச்சுங்க மாதிரிச் சொல்லுதாரு. கல்யாணத்த முறிச்சிருவாருன்னு பயந்து வந்தேன். அவரு சீக்கிரம் வச்சிருவோம்ங்காரு. அதுக்கு நான் என்ன சொன்னேன், கேட்டியள்லா? சரிங்க, சரிங்க, சரிங்க. எல்லாம் தெரிஞ்ச பெறவும் வாயி சரிங்கன்னுதான் சொல்லுது. கேள்வி கேட்டது நானே இல்ல, அவ தேச்ச சட்டதான் கேட்டுது போல.

இப்பம் எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அங்க போனா என்ன நடக்கும்? உக்கார வைப்பாரு, காப்பி குடுப்பாரு, மெதுவாப் பேசுவாரு. பேசப் பேச நான் சரிங்கம்பேன். எனக்கு என்னையத் தெரியும் அண்ணாச்சி. அவரப் பாத்து இல்ல, என்னையப் பாத்துத்தான் பயமா இருக்கு.

பெங்களூருல அந்தப் பிள்ள லட்டு இப்பம் என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கும்? கணக்கையும் அழிச்சுட்டாரே.

கண்டக்டர் தம்பி! ஏ, கண்டக்டர்! பாவூர்சத்திரத்துல நிறுத்துங்க, எறங்கணும். தென்காசி டிக்கெட்டுதான், பரவாயில்ல, நீங்க நிறுத்துங்க. அண்ணாச்சி, எதுத்தாப்புல திருநெல்வேலி பஸ்ஸு ஒடனே கெடைக்கும்லா? கெடைக்கும். செத்த கால ஒதுக்கிக்கிடுங்க. பட்டு வேட்டி கீழ விழுந்துருச்சா? கெடக்கட்டும். இல்ல, இல்ல, எடுத்துக் குடுங்க, தொடைக்கவாவது ஆகும்.

வடிவு என்ன சொல்லுவாளோ. ஊரு என்ன சொல்லுமோ. மைதானத்துக்கே போக முடியாது இனி. போகட்டும்.

இருங்க, அவளுக்கு அடிக்கேன். படியில நின்னுக்கிட்டே பேசிருதேன், இல்லன்னா இந்தத் தைரியமும் போயிரும்.

அலோ. கோமு. அப்பாதான். இல்ல, அழல, காத்து. இல்லட்டி, போகல, பாதியில எறங்குதேன், வீட்டுக்குத்தான் வாரேன். அம்மாட்ட ஒண்ணும் சொல்லாத, நான் வந்து சொல்லிக்கிடுதேன். கோமு, அந்தக் கரடி... ஆமா, அந்தக் கரடிதான். அத மொதல்லேருந்து சொல்லுட்டி. ஒண்ணு விடாமச் சொல்லு. இந்தத் தடவ அப்பா தூங்க மாட்டேன்.